ஜெயபாலன் அண்ணன் கை

உலு திராம், ஜொகூர்
12 மார்ச் 2023

அன்புள்ள ஷாமளாவுக்கு,

நான் சுகம். முதுகுவலி மட்டும் நீ விட்டுப்போன இடத்திலேயே இருக்கிறது. அங்கே குளிர் என்றாய். உனக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் இறங்கிவிடும், காதை மூடாமல் வெளியே போகாதே.

செனாய் விமான நிலையத்தில் நீ கேட்டுக்கொண்டபடி எழுதுகிறேன். "போன்ல ரெண்டு பேரும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வெச்சிடுவோம். எழுதுங்க" என்றாய். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பிள்ளை இல்லாத வீட்டில் நீயும் இல்லை. ரேடியோவைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். திரும்பி வரும்போது உள்ளே யாரோ இருப்பது போல் இருக்கிறது.

கம்பெனிச் செய்தி நல்லதாக இல்லை. மூன்றாவது லைனை மூடிவிட்டார்கள். நீயும் நானும் ஜெயபாலன் அண்ணனும் ஒன்றாகச் சேர்ந்த லைன். சாதாரண கம்ப்யூட்டர் போர்டுகள் எல்லாம் இனி வியட்நாமில் செய்வார்களாம். நீ வேலை முடிந்து வகுப்புக்குப் போய் டிப்ளோமா எடுத்து மேலே போய்விட்டாய். நான் பேக்கிங்குக்கு மாறினேன். அண்ணன் மட்டும் இருபது வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து போர்டில் ஈயத்தை உருக்கிச் சோல்டர் வைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவரை ஆள் அனுப்பும் ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு லைனில் அதே வேலை, ஆனால் சம்பளம் குறைவு, லீவும் கிடையாது.

கேன்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, ஷாமளாவ இப்ப பெரிய ஆளுங்களோட வெச்சிருக்காங்க. எனக்காக ஒரு வார்த்த சொல்லச் சொல்லேன். வேற எந்த செக்ஷன்னாலும் போறேன்லா" என்றார். சொல்கிறேன் என்றேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
குணாளன்

தைச்சுங், தைவான்
9 ஏப்ரல் 2023

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கோணல் எழுத்தைக் கண்டதும் பாதிக் குளிர் போய்விட்டது. நான் நலம். முதுகுக்கு அந்த மஞ்சள் எண்ணெயைத் தடவச் சொன்னேனே, தடவினீர்களா? பெட்டி தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள்.

இங்கே எனக்குச் சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். காலையிலிருந்து பயிற்சிதான். வருஷக் கடைசியில் நம் கம்பெனிக்கு வரப்போகும் மெஷினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மாட்டக் கற்றுத் தருகிறார்கள். சொல்லிக் கொடுப்பவர் திரு. லின். நான் கேள்வி கேட்டால் அவருக்குச் சந்தோஷம். என் வயதில் பயிற்சிக்கு வந்த பெண் நான் ஒருத்திதானாம்.

போன மாதம் என் சம்பளத்தை மறுபடி கூட்டினார்கள். எவ்வளவு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. வங்கிக் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கூரையை மாற்றிவிடலாம்.

பழைய லைன் ஆட்களை எல்லாம் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள்
ஷாமளா

உலு திராம்
30 ஏப்ரல் 2023

அன்புள்ள ஷாமளாவுக்கு,

இங்கே மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கின்றன. எண்ணெய் தடவினேன், முதுகு பரவாயில்லை. உனக்கு இருமல் இல்லையே?

கூரைக்காரன் வந்து பார்த்துவிட்டுப் போனான். வீட்டுக்காரம்மா எங்கே வேலை என்று கேட்டான். சொன்னேன். அதற்குப் பிறகு விலையெல்லாம் என்னிடம் பேசாமல், உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னான்.

ஜெயபாலன் அண்ணனை ஏஜென்டும் நிறுத்திவிட்டான். ஆனால் அவர் தினமும் காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கடை வரிசைக்கு எதிரே நம் ஸ்டாப்பில் நிற்கிறார். ஃபேக்டரி பஸ் வந்தால் ஏறி எனக்கு முன்னால் அவருடைய பழைய இடத்தில் உட்காருகிறார். டிரைவர் ஒன்றும் கேட்பதில்லை, பஸ்ஸில் யாருமே கேட்பதில்லை. கேட் வரைக்கும் வந்து, நாங்கள் கார்டைத் தட்டி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு காவலாளி இருக்கும் ஜாகா கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கிறார். சாயங்காலம் பஸ்ஸுக்குச் சரியாக வந்துவிடுகிறார். நடுவில் எங்கே போகிறார் என்று தெரியவில்லை.

"ஏண்ணே இப்படி வர்றீங்க?" என்று கேட்டேன்.

"வீட்ல இருந்தா எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிடும்லா. செல்லத்துக்கு ஏற்கனவே பிரஷர்" என்றார். பிறகு மெதுவாக, "ஷாமளா ஏதும் சொன்னாளா?" என்றார்.

நீ கேட்டிருக்கிறாய், பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. ஆகவே நீ கேட்டுவிடு.

உன்
குணாளன்

தைச்சுங்
11 ஜூன் 2023

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதீர்கள். பரீட்சை மாதிரி ஒன்று வைத்தார்கள். தேறிவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் குறைவு. நீங்கள் இளைத்துவிட்டதாகப் போனில் தெரிந்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது திரு. லினிடம் கேட்டேன், மூன்றாவது லைனை ஏன் மூடினார்கள் என்று. அவர் மேசையிலிருந்த உப்பு, மிளகுக் குப்பிகளை நாடுகளாக வைத்து விளக்கினார். சாதாரண போர்டு குறைந்த கூலி உள்ள நாட்டுக்குப் போய்விடும். இப்போது ஜொகூரில் எழும்புகிறதே டேட்டா சென்டர்கள், அந்த மாதிரி இடங்களுக்கான பெரிய போர்டு நமக்கு வரும். அதற்கு ஆள் அதிகம் வேண்டாம், மெஷின் தெரிந்தவர்கள் சிலர் போதும். என்னைப் போன்ற சிலரைத் தேடிப் பினாங்கு, சிங்கப்பூர், தைவான் எல்லாம் அடித்துக்கொள்கின்றன. அதனால்தான் என் சம்பளம் ஏறுகிறது. உங்களைப் போன்றவர்களுக்கு அப்படி யாரும் அடித்துக்கொள்வதில்லை. அடுத்த துறைமுகத்தில் இன்னும் குறைந்த கூலிக்கு ஆள் நிற்கிறார்கள். "யாரும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, கப்பல்தான் திசை மாறுகிறது" என்றார் அவர்.

நான் அந்தக் குப்பிகளை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன்.

கூரைக்கு நீலத் தகடு போடச் சொல்லுங்கள்.

உங்கள்
ஷாமளா

உலு திராம்
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள ஷாமளாவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். நானும் இருக்கிறேன்.

'உங்களைப் போன்றவர்கள்' என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மறுபடி வாசித்தேன். நீ தப்பாக எழுதவில்லை என்று தெரியும். இருந்தாலும் வாசித்தேன்.

இந்தக் கடிதத்தை எத்தனையோ முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். ஜெயபாலன் அண்ணன் இறந்துவிட்டார். போன மாதக் கடைசியில். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாம் போனில் பேசினோம். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவை நீயே கேட்டாய். இருக்காரு என்றேன். வாய் அப்படித்தான் சொன்னது.

காலையில் ஸ்டாப்பில் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யூனிஃபார்ம், பை, எல்லாம் சரியாக இருந்தது. பஸ் நின்றும் எழவில்லை. டிரைவர் ஹோன் அடித்தார்.

"தூங்கட்டும் விடுங்க. அவருக்கு இன்னிக்கி வேல இல்லதானே" என்றேன்.

அவருக்கு வேலை இல்லை என்று அந்த பஸ்ஸில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. நான்தான் சொன்னேன். பஸ் கிளம்பிவிட்டது. மத்தியானம் போன் வந்தது. இதயம் நின்றுவிட்டதாம். நாங்கள் வருவதற்கு முன்பே நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்குகிறேன்.

பஸ்ஸில் அவர் இடம் காலியாக இருந்தது. போன வாரம் புதிதாக வந்த பங்களாதேஷ்காரர் ஒருவர் அதில் உட்கார்ந்தார். "அடா ஓராங்" என்று சொல்லிவிட்டேன். ஆள் இருக்கிறது என்று. அந்த மனிதர் காலி நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்துவிட்டார். இப்போது யாரும் அதில் உட்காருவதில்லை.

உன்
குணாளன்

தைச்சுங்
22 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமா? நான் இன்று மிகச் சந்தோஷமாக எழுதுகிறேன். ஜெயபாலன் அண்ணனுக்கு உடனே வாசித்துக் காட்டுங்கள்!

இந்த மெஷினில் ஒரு கை இருக்கிறது. மனிதக் கை மாதிரியே சோல்டர் வைக்கும். எப்படி வைக்க வேண்டும் என்று படம் காட்டிக் காட்டித்தான் அதைப் பழக்குகிறார்கள். போன வருஷம் நம் லைனில் கேமரா வைத்துப் படம் எடுத்தார்களே, நினைவிருக்கிறதா? இன்று அந்தக் கையை முதல் தடவையாக ஓடவிட்டார்கள். அது போர்டைத் தொட்டது, ஒரு மூச்சு நிறுத்தியது, மறுபடி தொட்டது. அப்படித் தொடுகிறவர் உலகத்தில் ஒருத்தர்தானே! இடது பக்கம் வேறு சாய்ந்து வேலை செய்கிறது.

"இவரை எனக்குத் தெரியும்" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆயிரம் பேர் படத்தில் இதுதான் மிகச் சுத்தமான கை என்று மெஷினே தேர்ந்தெடுத்ததாம்.

அந்தத் தைரியத்தில் ஜொகூர் மேனேஜருக்குப் போன் போட்டேன். மெஷின் வந்ததும் அது வைப்பதைச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும், ஜெயபாலன்தான் சரி என்றேன். யோசிக்கிறேன் என்றார். அவர் யோசிக்கிறேன் என்றால் பாதி சரி என்று அர்த்தம். அண்ணனை இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கள். செல்லம் அக்காவுக்கும் என் அன்பு.

உங்கள்
ஷாமளா

தைச்சுங்
10 செப்டம்பர் 2023

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. என்னுடையதும் இதற்குள் உங்களுக்கு வந்திருக்கும். முடிந்தால் அதைக் கிழித்துவிடுங்கள்.

வேறு ஆளுடைய கையை வைத்துப் பழக்க முடியுமா என்று திரு. லினிடம் கேட்டேன். இதைவிட நல்லது இல்லையே, ஏன் என்றார். சொன்னேன். எழுந்து நின்று தலை குனிந்தார். ஆனால் மாற்றவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் இங்கே கூடத்து விளக்குகளை அணைத்துவிடுவார்கள். மெஷினுக்கு விளக்குத் தேவையில்லை. எல்லாரும் போன பிறகும் அந்தக் கை இருட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறது. தொட்டு, நிறுத்தி, தொட்டு. நான் சாப்பிடப் போகாமல் கதவருகே நிற்கிறேன். அண்ணனைத் தனியாக விட்டுப் போவது போல் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாமளா

உலு திராம்
22 அக்டோபர் 2023

அன்புள்ள ஷாமளாவுக்கு,

நலமா? சாப்பிடாமல் நிற்காதே. நீ நின்றால் அவருக்கு என்ன ஆகப்போகிறது?

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. செல்லம் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு என்று எழுதியதை நான் வைத்திருக்கக் கூடாது என்று பட்டது. அக்கா அழவில்லை. வேறு ஒன்று கேட்டார்.

"அவரு போறதுக்கு மூணு மாசம் முன்னாடியே நிப்பாட்டிட்டாங்கன்னு எல்லாரும் சொல்றீங்க தம்பி. சம்பளம் மாசாமாசம் கையில குடுத்தாரே. எங்க போயி சம்பாதிச்சாரு?"

பதில் போன வாரம் தானாக வந்தது. அண்ணனுடைய சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு, நரைத்த தாடியோடு ஒரு பங்களாதேஷ்காரர் அக்கா வீட்டு வாசலில் நின்றார். பெயர் ரஃபிக். அண்ணனோடு வேலை செய்தவராம். எங்களை அழைத்துக்கொண்டு போனார்.

செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால், தகர வேலிக்குள் ஒரு கொட்டகை. வாசலில் பெயர்ப் பலகைகூடக் கிடையாது. உள்ளே மலை மலையாக உடைந்த கம்ப்யூட்டர்கள். அமெரிக்காவிலிருந்தும் வேறு எங்கிருந்தெல்லாமோ கப்பலில் வருகிறதாம். இரும்புத் தட்டைச் சூடாக்கி அதன்மேல் போர்டை வைத்து, சோல்டர் உருகியதும் ஒவ்வொரு சாமானாகப் பிடுங்கி எடுக்க வேண்டும். கூலி அன்றன்றைக்கு. கொட்டகைக்குள் நுழைந்த உடனே எனக்குத் தொண்டை எரிந்தது. நம் லைனில் இருபது வருஷம் சோல்டர் வைத்துக்கொண்டிருந்தவர், அங்கே உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பாய் பாகுஸ்" என்றார் ரஃபிக். நல்ல மனுஷன் என்று. அவர் கையில் சாமான் ஒன்றுகூட உடையாது என்றும் சொன்னார்.

அண்ணனுடைய முக்காலியைக் காட்டினார். அக்கா அதில் உட்கார்ந்தார். "இந்த வாடதான் சட்டையில" என்று மட்டும் சொன்னார். ரொம்ப நேரம் எழவில்லை. தட்டில் புகை வந்துகொண்டே இருந்தது, யாரும் எங்களை விரட்டவில்லை.

ஷாமளா, நீ ஏன் ஏப்ரலிலேயே கேட்கவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய். சொன்னால் அது நம் வீட்டிலேயே குடியிருக்கும்.

உன்
குணாளன்

தைச்சுங்
19 நவம்பர் 2023

அன்புள்ள அத்தானுக்கு,

தீபாவளிக்கு இட்லி அவித்தீர்களா, அல்லது கடையில் சாப்பிட்டீர்களா? நான் நலம். இங்கே மறுபடி குளிர் தொடங்கிவிட்டது.

மெஷினைப் பெட்டிகளில் அடைத்துவிட்டார்கள். கப்பலில் பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு வந்து சேரும். நான் டிசம்பர் கடைசியில் வருகிறேன். வந்ததும் அந்த மெஷின் பகுதிக்கு என்னையே தலைமையாகப் போடுகிறார்கள்.

ஒரு விஷயம் உங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஜனவரியில் பேக்கிங்கையும் ஏஜென்டிடம் கொடுக்கப் போகிறார்கள். நீங்கள் பயப்பட வேண்டாம். மெஷின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமல்லவா, அந்த இடத்துக்கு உங்கள் பெயரைக் கேட்டேன். மேனேஜர் உடனே சரி என்றுவிட்டார். இப்போது வாங்குவதைவிட நல்ல சம்பளம். பெட்டி தூக்க வேண்டாம், முதுகுக்கும் நல்லது. சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

செல்லம் அக்கா வீட்டுக்கு மளிகைச் சாமான் வாங்கிக் கொடுங்கள். உங்கள் போன கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள்
ஷாமளா

லாபிஸ்
10 டிசம்பர் 2023

அன்புள்ள ஷாமளாவுக்கு,

ஊர்ப் பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதே. நான் நன்றாக இருக்கிறேன். உனக்குக் காய்ச்சல் என்று போனில் சொன்னாய், விட்டதா?

இங்கே இரட்டைத் தண்டவாளம் போடுகிறார்கள். ஒரு காண்ட்ராக்டரிடம் சாமான் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கம்பெனியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். சம்பளம் அதைவிடக் கொஞ்சம் குறைவுதான். கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்திருக்கிறது.

நான் கோபித்துக்கொண்டு வரவில்லை. மனைவிக்குக் கீழே வேலை செய்ய வெட்கம் என்றும் நினைக்காதே. உன் சம்பளத்தில்தான் கூரை போட்டோம், அதன் கீழே நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் அண்ணன் கேட்டபோது வராத வார்த்தை, எனக்கு நான் கேட்காமலே உடனே வந்தது. அந்த இடத்தில் நான் எப்படி நிற்பேன்? அந்தக் கை தொட்டு நிறுத்தும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துத்தான் நிறுத்துகிறது என்று தோன்றும்.

செனாய்க்கு உன்னை அழைக்க வர முடியாது, லீவு இல்லை. சாவி செல்லம் அக்காவிடம் இருக்கிறது. ரேடியோவை அணைத்துவிட்டேன்.

உன்
குணாளன்

உலு திராம்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

லாபிஸில் கொசு அதிகம் என்கிறார்கள். வலை கட்டிக்கொண்டு தூங்குகிறீர்களா? எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வீடு நீங்கள் வைத்தபடியே இருக்கிறது. உங்கள் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

தைப்பூசம் முடிந்த பிறகு மெஷின் ஓடத் தொடங்கியது. ஃபேக்டரி பஸ்ஸில்தான் போகிறேன். கார் தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றேன். நீங்கள் எழுதிய அந்த நாற்காலியைப் பார்த்தேன். ஏன் அதில் உட்காருவதில்லை என்று புதியவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் உட்காருவதில்லை.

போன வாரம் செல்லம் அக்கா வந்தார். "அவரு கை அதுல இருக்குன்னு எழுதியிருந்தியே. நான் ஒரு வாட்டி பாக்கணும்" என்றார். வெளியாட்களை விடமாட்டார்கள். என் அக்கா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வெள்ளை அங்கியும் தொப்பியும் மாட்டி உள்ளே அழைத்துப் போனேன். என் கையெழுத்தை யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. இப்போது என்னை யாரும் எதற்கும் கேட்பதில்லை. போன மார்ச் மாதமே எனக்கு அந்த இடம் இருந்தது அத்தான். ஒருவருக்காகப் பேசினால் அது போய்விடும் என்று நினைத்தேன். நீங்கள் கேட்க மாட்டேன் என்றீர்கள். நானே சொல்லிவிட்டேன், குடியிருக்கட்டும்.

அக்கா கண்ணாடிக்கு முன்னால் நின்றார். கை தொட்டது, நிறுத்தியது, தொட்டது. நான் எதுவும் விளக்கவில்லை.

"இது அவர்தான்" என்றார். "நெத்தியில துன்னூறு வெக்கிறப்பவும் இப்பிடித்தான், நடுவுல ஒரு மூச்சு நிப்பாட்டுவாரு."

ஒரு போர்டு போய் அடுத்தது வந்துகொண்டே இருந்தது. திடீரென்று கேட்டார்:

"இதுக்கு மாசம் எவ்ளோ குடுக்கறாங்க?"

"ஒண்ணும் குடுக்கறதில்லக்கா."

"ஒண்ணுமே இல்லியா?"

"கரண்ட் மட்டுந்தான்."

அக்கா தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்ப சரிம்மா. இந்த வாட்டி நிப்பாட்ட மாட்டாங்க."

கண்ணாடியில் இரண்டு விரலை வைத்தார். வைத்து எடுத்து, போகலாம் என்றார்.

நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒன்றும் எழுதாமல் வாருங்கள்.

உங்கள்
ஷாமளா